உடம்புக்கு ஒன்றுமில்லை

மே 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தொலைபேசியில் கூப்பிடாமல் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். எனக்குக் காது மந்தம் என்பது ஒரு காரணம். எழுதினால் சொல்ல வந்ததை வரிசையாகச் சொல்லலாம் என்பது இன்னொன்று. இந்தக் கடிதத்தை மூன்று முறை பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டு இப்போதுதான் மையில் எழுதுகிறேன்.

பெரியண்ணன் பழையபடிதான். பக்கவாதம் வந்து இந்த மாதத்தோடு ஒன்பது வருடம் முடிகிறது. வலது கையிலும் காலிலும் மாற்றமில்லை. பேச்சு ஐந்தாறு சொல்லுக்கு மேல் வரவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தபோது கழுத்தில் மாட்டியிருந்த அந்த விசில்தான். ஒரு ஊதல் என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பாத்ரூம். மூன்று என்றால் நான் செய்த ஏதோ ஒன்று அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றுதான் அதிகம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் டாக்டரைப் பார்த்தேன். இதயம் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது என்கிறார். பயப்படும்படி இல்லை. ஆனால் ஆறு மாதம் கனமாக எதையும் தூக்கக் கூடாது, நல்ல காற்று உள்ள இடத்தில் போய் இருக்க வேண்டும் என்கிறார். பெரியண்ணனை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது தூக்கி உட்கார வைக்க வேண்டியிருப்பது உனக்குத் தெரியும். ஏரிக்கரை ஒன்றில் தெரிந்தவர்களின் இடம் இருக்கிறது. ஜூன் முதல் தேதியிலிருந்து நவம்பர் கடைசி வரை அங்கே இருக்கலாம் என்று எண்ணம். அதுவரை நீ இங்கே வந்து இருக்க முடியுமா?

முடியாது என்றால் தயங்காமல் எழுது.

உன் அன்புள்ள,
சின்னண்ணன்


மே 8

சின்னண்ணா,

கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். ஐந்து தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. காது மந்தமானால் மணி அடிப்பது கூடவா கேட்காது?

வருகிறேன். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கட்டிலில் வைத்தாகிவிட்டது. இங்கே என்னைப் பிடித்து நிறுத்த யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் போய் ஐந்து வருடமாகிறது. காலையில் நீச்சல்குளத்துக்குப் போவேன், வருவேன், அவ்வளவுதானே என் குடித்தனம். குளம் ஓடிவிடாது.

எனக்கு என்மேல்தான் கோபம். முப்பத்தாறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு சொந்த அண்ணனின் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. போன தடவை வந்தபோது உன் உதடு வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

என்ன மாத்திரை கொடுத்திருக்கிறார்? எத்தனை மில்லிகிராம்? ஈ.சி.ஜி. எடுத்தார்களா, எக்கோவும் எடுத்தார்களா? கால் வீங்குகிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? எல்லா ரிப்போர்ட்டையும் நகல் எடுத்து உடனே அனுப்பு. நீ நகல் எடுக்காத தாள் இந்த உலகத்தில் உண்டா என்ன.

பஞ்சாயத்து அத்தானிடமும் சொல்லிவிட்டேன். குடும்பத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் தீர்ப்புச் சொல்ல வருகிற மனிதர், பின்னால் தெரிந்தால் ஆடுவார். உன்னைப் பார்க்க வருவார். வந்தால் படுத்தே இரு. எழுந்து காபி போடப் போகாதே.

பாப்பா


மே 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெட்டியைக் கட்டிலிலிருந்து இறக்கி வை.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இதயம் நன்றாக இருக்கிறது. டாக்டரை நான் பார்க்கவே இல்லை. இதயத்தைப் பற்றி ஒரு நர்ஸிடம் போய்ப் பொய் சொல்லும் முட்டாள் இந்தப் பூமியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உன் கடிதம் வந்ததிலிருந்து எக்கோ என்றால் என்ன என்று புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள், எந்த அளவுக்குக் கால் வீங்கியதாக எழுதினால் நீ நம்புவாய் என்று யோசித்தேன். அப்போதுதான் எனக்கே என்னைப் பார்த்து அருவருப்பாகிவிட்டது.

அதற்குள் பஞ்சாயத்து அத்தான் இரண்டு டஜன் ஆப்பிளோடு வந்துவிட்டார். கீழ்வீட்டுத் தையற்காரரிடமும் அதே பொய்யைச் சொல்லி வைத்திருந்தேன்; அவர் என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு மேலே வந்து வைத்தார். பொய் சொல்வது ஒரு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவது தினசரி வேலை. எனக்கு ஏற்கெனவே வேலை நிறைய இருக்கிறது.

நேற்று கீழே போய்த் தையற்காரரிடம், “எனக்கு இதயத்துல ஒண்ணுமில்லைங்க” என்றேன்.

அவர் வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, “அப்ப எதுக்கு சார் அப்படிச் சொன்னீங்க?” என்றார்.

“ஆறு மாசம் வெளியூர் போகணும். அதுக்கு.”

“லீவுக்கு வயித்துவலினு சொல்ற பசங்க மாதிரியா? உங்களுக்கு எத்தனை வயசு சார்?”

“எழுபத்தொண்ணு.”

“சரி, வாளியை இனிமே நீங்களே தூக்குங்க” என்றார். கோபமில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை.

உண்மைக் காரணத்தை எழுதுகிறேன். சரியாகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை. பெரியண்ணனை உடற்பயிற்சி சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது ஒன்றரை மணி நேரம் வெளியே காத்திருப்பேன். அங்கே சுற்றுச்சுவர் இடுக்கில் புல் முளைத்திருக்கும். சும்மா இருக்க முடியாமல் அதை வரைய ஆரம்பித்தேன். நில அளவை அலுவலகத்தில் நாற்பது வருடம் எல்லைக்கோடு போட்ட கை. அந்தச் சுவரில் மட்டும் பதினேழு வகைப் புல் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. போன மார்கழிக்குளிரில் ஒரு பேராசிரியை பக்கத்தில் உட்கார்ந்து என் நோட்டைப் பார்த்தார். அவர் தாவரவியல் துறை. புற்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் தயாராகிறது. நூற்றிருபது படம் வேண்டும். ஏரிக்கரையில் அவர்களுடைய ஆய்வு நிலையம் இருக்கிறது. என்னை வரைய அழைத்திருக்கிறார்கள்.

அழைத்த கடிதத்தைப் படித்த ராத்திரி, பாப்பா, எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவும் இதயக் கோளாறு இல்லை.

ஏன் பொய் சொன்னேன்? உடம்பு முடியவில்லை என்றால் விடுவீர்கள், ஆசை என்றால் விட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உன் இடத்தில் நான் இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் பொய்யைச் சொல்லிப் போனால், போவது நானாக இருக்காது. இல்லாத ஒரு நோயாளி போவான். அதனால் கேட்கிறேன். எனக்குப் போக ஆசையாக இருக்கிறது. அதைத் தவிர வேறு காரணம் இல்லை. வருவாயா?

சின்னண்ணன்


மே 18

புல்லா?

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், வேறு ஏதாவது சொல்லைத் தப்பாகப் படிக்கிறேனோ என்று. இல்லை. புல்தான்.

நீ ராத்திரியில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பாய் என்று ஒரு வாரம் நான் தூங்கவில்லை. குளத்துக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்த இதய டாக்டரிடம் உனக்காக நேரம் வாங்கி வைத்திருந்தேன். அவரிடம் இப்போது என்ன சொல்லட்டும்? எங்கண்ணனுக்கு நோய் மாறிவிட்டது, புல் பிடித்திருக்கிறது என்றா?

வர மாட்டேன். நீ நிஜமாகவே முடியாமல் படுத்திருந்தால் தவழ்ந்தாவது வந்திருப்பேன். ஆசைக்கெல்லாம் வர முடியாது. புல்லைப் பறித்துத் தபாலில் அனுப்பச் சொல். வீட்டில் உட்கார்ந்து வரை.

அம்மா படுத்த நாலு வருடமும் யார் பார்த்தார்கள்? பெரியண்ணா போட்டி, பந்தயம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். நீ முகாம் முகாமாகக் கோடு போட்டாய். மாதம் ஒரு கடிதம், ‘அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்’ என்று. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எனக்கு ஆசை இல்லையா? நான் யாரிடமாவது கேட்டேனா?

கூடப் பிறந்தவரைப் பார்த்துக்கொள்வது உனக்கு அலுத்துவிட்டது என்றால் அலுத்துவிட்டது என்று சொல். அதற்கு ஏன் புல்லை இழுக்கிறாய்? உன்னைத் தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்கிறது. நானும் பத்துப் பேரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். என்னை அசடாக்கிவிட்டாய்.

பாப்பா

போனை எடு.


மே 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனை எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ அழுவாய், நான் சரி என்று சொல்லிவிடுவேன். எழுபத்தொரு வருடமாக யார் அழுதாலும் சரி என்று சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் எனக்கு மேலே போனது அப்படித்தான்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியது உண்மை. ஆனால் அதற்காக நான் இப்போது இங்கேயே இருந்தால், அது அம்மாவுக்கும் போய்ச் சேராது, உனக்கும் போய்ச் சேராது.

தங்கமான மனுஷன் என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரியண்ணனுக்கு ஊட்டும்போது சில நாள் வாசல் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். மாடிப்படியில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒன்பது வருடத்தில் எவ்வளவு அன்பு, எவ்வளவு அந்தப் பெயருக்காக என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. செய்தது செய்ததுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக இன்னும் ஒரு வருடம் இருக்க மாட்டேன்.

அலுத்துவிட்டதா என்று கேட்கிறாய். அலுக்கவில்லை. அலுத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். புல்லைத் தபாலில் அனுப்ப முடியாது. பறித்த அரை மணியில் இலை சுருண்டு, கதிரின் சாய்வு மாறிவிடும். பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் வரைய வேண்டும். ஜூனில் தொடங்கி நவம்பருக்குள் அந்தக் கரையில் எல்லாம் பூத்து முடிந்துவிடும். அடுத்த ஆண்டு வருகிறேன் என்று சொன்னால் அவர்களுக்கு வேறு ஆள் கிடைப்பார். எனக்குத்தான் வேறு எழுபத்தொரு வயது கிடைக்காது.

பெரியண்ணனைவிட ஒரு புல் உனக்குப் பெரிதா என்று நீ கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். இரண்டு நாள் யோசித்தேன். இந்த ஆறு மாதத்துக்கு, ஆம்.

நீ வரவில்லை என்பதால் இல்லங்களைப் பார்த்தேன். நான்கு. ஒவ்வொன்றுக்கும் சொல்லாமல் இரண்டு முறை போனேன்; ஒரு முறை சாப்பாட்டு நேரத்தில், ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை மதியம். ஞாயிறு மதியம்தான் ஆள் குறைவாக இருப்பார்கள், அப்போதுதான் ஒரு இடத்தின் குணம் தெரியும். ஒன்றில் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அங்கிருந்து அப்படியே திரும்பிவிட்டேன். மூன்றாவதில் சமையற்கார அம்மா ஒரு பாட்டிக்கு ஊட்டிக்கொண்டே, “மென்னு முழுங்குங்கம்மா, எனக்கு பஸ் போயிடும்” என்று கத்திக்கொண்டிருந்தார். பஸ் போயும்விட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. அந்த இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதி கொண்டுபோய் விடுகிறேன்.

நம் வீட்டில் யாரையும் இல்லத்தில் விட்டதில்லை என்று எழுதுவாய். தெரியும். நான் விடுகிறேன்.

சின்னண்ணன்


மே 25

சின்னண்ணா,

ஒரே ஒரு கேள்வி. இந்தக் கடிதங்களில் எதையாவது பெரியண்ணாவுக்குப் படித்துக் காட்டினாயா?

நம் வீட்டு வாசலுக்கு வந்த கடிதம் யார் பெயருக்கு வந்தாலும் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும் என்பது அப்பா வைத்த சட்டம். கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் எனக்கு எழுதியதைக்கூட நீதான் நடுக்கூடத்தில் நின்று, கமா விடாமல் படித்தாய். ‘உன் கண்கள்’ என்று வந்த இடத்தில் ஒரு தடவை இருமிவிட்டு மேலே போனாய். நான் தரையைப் பார்த்துக்கொண்டு செத்தேன். பெரியண்ணா விசிலடித்தார்.

அந்தச் சட்டத்தை இப்போது யார் எடுத்தது?

நாம் இரண்டு பேரும் யார் நல்லவர் என்று அவர் தலைக்கு மேலே பந்து போட்டு விளையாடிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு வாய்தான் விழுந்தது. காது விழவில்லை. உன் காதைவிட நன்றாகவே கேட்கும்.

படி. எல்லாவற்றையும். நீ எழுதியதற்கும் நகல் வைத்திருப்பாய், அதையும்.

பாப்பா


மே 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

படித்தேன். நேற்று மதியம், அவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே ஸ்டூல் போட்டு, முதல் கடிதத்திலிருந்து.

‘மூன்றுதான் அதிகம்’ என்ற இடத்தில் மூன்று தடவை ஊதினார். இதயம் பலவீனம் என்று படித்தபோது இடது கையை என் நெஞ்சில் வைத்தார். அதை எடுக்காமலே அடுத்த கடிதத்தைக் கேட்டார். நான் பொய்யை ஒப்புக்கொண்ட கடிதம் வந்ததும் அந்தக் கையாலேயே என் நெஞ்சில் ஒரு குத்து விட்டார். ஒன்பது வருடத்தில் அவ்வளவு பலம் அந்தக் கையில் பார்த்ததில்லை. பஞ்சாயத்து அத்தானின் ஆப்பிளுக்குச் சிரித்தார். கதவைத் திறந்து வைத்து ஊட்டியதைப் படிக்கும்போது நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முடித்துவிட்டுத் தாள்களை மடித்து வைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, “போகாத” என்றார்.

தெளிவாக. ‘வேண்டாம்’, ‘ம்’, ‘போடா’ என்று அவரிடம் இருக்கிற ஐந்தாறு சொல்லில் அது இல்லை. எங்கிருந்து எடுத்தாரோ.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். நான் எதிர்பார்த்தது வேறு. கேட்டு முடித்ததும் ‘போடா’ என்று கையை ஆட்டி, சிரித்து, அனுப்பிவைப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி நடந்தால் அதை உனக்கு எப்படி எழுதுவது என்று மனதுக்குள் வாக்கியம்கூட அமைத்து வைத்திருந்தேன்.

“போறேண்ணா” என்றேன்.

“போகாத.”

“காதுல விழுந்துச்சுண்ணா. போறேன்.”

விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஊதவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இன்றும் அப்படியே. ஊட்டினால் சாப்பிடுகிறார், என்னைப் பார்ப்பதில்லை.

ஆகவே அவர் சம்மதிக்கவில்லை. நீயும் சம்மதிக்கவில்லை. சம்மதம் கிடைத்ததுபோல் ஒரு கதையை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. சரியா தவறா என்று என்னைக் கேட்டால் பாதி நேரம் தவறு என்றுதான் சொல்வேன். தவறாக இருந்தால் அது என் பெயரில் இருக்கட்டும். நாளை மறுநாள் அவரை விட்டுவிட்டு அதற்கடுத்த நாள் கிளம்புகிறேன்.

சின்னண்ணன்


ஜூன் 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றும் இல்லை. விலாசம் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஆய்வு நிலையம் என்பது தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். எனக்கு ஒரு அறை, ஒரு மேஜை, ஜன்னலுக்கு வெளியே ஏரி. பேராசிரியை காலையில் வந்து எது பூத்திருக்கிறது என்று சொல்வார். நான் ஒரு பலகையும் உருப்பெருக்கியும் எடுத்துக்கொண்டு போய் ஈரத்தில் உட்காருவேன். முதல் மூன்று நாள் ஒரு கோடும் உருப்படியாக வரவில்லை. ஒரு புல்லின் தண்டை வரைந்தால் பெரியண்ணன் திருப்பிக்கொண்ட கழுத்து மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். என்னை அழைத்தது தப்பு என்று அவர்களே சொல்லி அனுப்பிவிட்டால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

நான்காம் நாள் கோடு வந்தது. முழங்கால் உயரப் புல். கதிர் ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஊதா நிறத்தில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் அதன் பூவாம். காலை ஏழரைக்கு உட்கார்ந்தவன் நிமிர்ந்தபோது மணி இரண்டு. நடுவில் யாரையும் நினைக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருந்தது, இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறேன்.

தினமும் மாலை இல்லத்துக்குப் பேசுவேன். முதல் வாரம், “பாதி சாப்பிட்டாருங்க” என்றார்கள். மூன்று நாளாக யாரும் எடுக்கவில்லை. உனக்கு ஏதாவது தெரியுமா?

சின்னண்ணன்


ஜூன் 17

சின்னண்ணா,

தெரியும். உன் கடிதம் என் விலாசத்திலிருந்து இங்கே திருப்பி விடப்பட்டு வந்தது; உன் வீட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இல்லத்தில் போன் கம்பி அறுந்துவிட்டதாம், அதனால்தான் எடுக்கவில்லை. பெரியண்ணா உள்ளறையில் தூங்குகிறார்.

ஒன்பதாம் தேதி இல்லத்துக்குப் போனேன். எப்படிப்பட்ட இடத்தில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாய் பார் என்று உன் முகத்தில் எறியத் தோதாக ஏதாவது கிடைக்கும் என்று போனேன். படுக்கையைப் புரட்டினேன். முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்தேன். நகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சமையற்கார அம்மா என்னைப் பார்த்து, “யாரும்மா நீங்க, இன்ஸ்பெக்டரா?” என்று கேட்டார். இடம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெரியண்ணா பாதிதான் சாப்பிட்டார். அங்கே யாரிடமும் விசில் ஊதவே இல்லையாம்.

அதனால் கூட்டிவந்துவிட்டேன். உனக்காக இல்லை. கடமைக்காகவும் இல்லை. எனக்கு அவரை அப்படிப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். காரணம் சொல்லாமல் செய்யலாம் என்பதை உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன் போலிருக்கிறது, வயிறு எரிகிறது.

என் நிபந்தனை ஒன்று. இங்கேயும் ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. காலை ஆறரை முதல் எட்டரை வரை நான் அங்கே. அந்த நேரத்துக்கு ஓர் அட்டெண்டரை வரச் சொல்லியிருக்கிறேன். நான் பையை எடுத்தாலே பெரியண்ணா மூன்று தடவை ஊதுகிறார். ஊதட்டும். போய்விட்டு வருகிறேன்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மா படுத்த இரண்டாம் வருடம், வெளிநாட்டில் அறுவை சிகிச்சை நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்தேனே, நினைவிருக்கிறதா? தேறவில்லை என்று உங்களுக்கு எழுதினேன். ‘பரவாயில்லை, அடுத்த முறை பார்க்கலாம்’ என்று நீ பதில் போட்டாய்.

தேறினேன். மூன்றாவது இடம்.

போகிறேன் என்று சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்வீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. அதனால் தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டு, முப்பத்தைந்து வருடமாக உங்கள்மேல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். நீ பரிதாபப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. நீ பொய்யைத் திரும்ப எடுத்துக்கொண்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ என்னைவிடப் பயந்தாங்கொள்ளி. உனக்கு முடிந்திருக்கிறது.

பாப்பா


ஜூலை 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதினைந்து நாளாக உனக்குப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நீண்ட கடிதங்கள் எல்லாம் பொய்யாகத் தெரிந்தன. சுருக்கமாக எழுதுகிறேன்.

தேறவில்லை என்ற உன் கடிதம் வந்த அன்று நான் நிம்மதியடைந்தேன். முகாமில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து படித்துவிட்டு, ‘நல்லவேளை’ என்று நினைத்தேன். அந்தச் சொல்லையே நினைத்தேன். அதன் பிறகுதான் ‘பரவாயில்லை’ என்று உனக்கு எழுதினேன். நீ பொய் சொன்னாய் என்றால், அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. எத்தனையாவது இடம், எவ்வளவு மதிப்பெண் என்று எதையும் கேட்கவில்லை. எதையும் அளக்காமல் விடாத நான் அதை மட்டும் அளக்கவில்லை.

இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இங்கே வந்ததற்குக் கேட்க மாட்டேன்.

நாற்பத்திரண்டு படம் முடிந்திருக்கிறது. பெரியண்ணனுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

சின்னண்ணன்


அக்டோபர் 29

சின்னண்ணா,

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் நடு அறையில் நின்று படிக்கிறேன், கமா விடாமல். ‘நல்லவேளை’ என்பதைப் படித்த அன்று பெரியண்ணா தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார் போலிருக்கிறது. நான் இரண்டு பேரையும் ஒரு வாரம் திட்டினேன். ஒருவரை நேரில், ஒருவரை மனதில். பிறகு அலுத்துவிட்டது.

நேற்று பஞ்சாயத்து அத்தான் வந்தார். மறுபடியும் ஆப்பிள். உள்ளே வந்ததும், “எங்கே நம்ம ஆளு? உடம்பு தேவலையா?” என்றார். அவரிடம் நீ போய்ச் சொல்லவே இல்லையாமே. தையற்காரரிடம் சொல்லத் தெரிந்தது, இவரிடம் பயமா?

எனக்கும் வாய்வரை வந்துவிட்டது, காற்று மாறப் போயிருக்கிறார் என்று. இந்த ஐந்து மாதமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் மழுப்பிக்கொண்டிருந்தேன். நேற்று ஏனோ வரவில்லை.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல அத்தான். ஏரிக்கரையில உக்காந்து புல்லு வரையறாரு.”

“என்னது?”

“ஆசைப்பட்டாரு. போயிருக்காரு.”

“இந்த வயசுலயா? படுத்துக் கெடக்குற மனுஷனை விட்டுட்டா?”

“ஆமா. விட்டுட்டுத்தான்.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெரியண்ணா எதிரே உட்கார்ந்தார். விசாரணை. “மச்சான், நீங்க சொல்லுங்க. உங்களுக்கு இதுல சம்மதமா?”

பெரியண்ணா, “இல்ல” என்றார்.

“பாத்தியா!” என்று என் பக்கம் திரும்பினார்.

“அவருக்குச் சம்மதம் இல்லதான் அத்தான். அது சின்னண்ணனுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் போனாரு.”

தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. யாராவது மறுத்தால்தானே அவருக்குப் பேச வரும். கொண்டுவந்த ஆப்பிளில் ஒன்றை எடுத்துக் கடித்தார். போகும்போது மாடிப்படியில் நின்று, “எத்தனை படமாம்?” என்று கேட்டார். நூற்றிருபது என்றேன். “அவ்வளவு புல்லா இருக்கு!” என்று சொல்லிவிட்டு இறங்கினார். குடும்பம் முழுக்க இன்றைக்குள் தெரிந்திருக்கும். நீ திரும்பி வரும்போது உன்னைத் தங்கமான மனுஷன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தயாராக வா.

டிசம்பர் முதல் தேதி நீ இங்கே இருக்க வேண்டும். அட்டெண்டரின் நேரம், மாத்திரை, புதிதாகப் போடுகிற காலுறை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைக்கிறேன். இரண்டாம் தேதி காலை நான் கிளம்புகிறேன். கடலுக்கு. ஐந்து வருடமாகத் தினமும் நீந்துகிறேன், எல்லாம் நீலத் தரை தெரிகிற குளத்தில். கடலில் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. அங்கே மூன்று மாதத்துக்கு ஓர் அறை பார்த்திருக்கிறேன்.

பெரியண்ணாவிடம் இன்று காலை சொன்னேன். “போகாத” என்றார், உன்னிடம் சொன்ன மாதிரியே, தெளிவாக.

மத்தியானம் போய் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பாப்பா